ஒன்றாம் நம்பர் சட்டை

ஒரு கையெழுத்து வாங்க யாராவது இங்கிலாந்திலிருந்து தாம்பரம் வருவார்களா என்று என் தம்பி கேட்டான். நான் வந்தேன். தோள்பையில் நான்கு பக்கப் படிவம் ஒன்று இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் கீழ்க்கட்டளை தினகரன் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் என் புத்தகத்தின் அட்டையில் அவனுடைய கத்தரிப்பூ நிறச் சட்டை வரும். புத்தகம் வந்தால் எனக்குப் பேராசிரியர் பதவி வரும். ஆறு நாள் போதும் என்று நினைத்திருந்தேன்.

ஆறு நாளும் எனக்குக் கோபம் இறங்கவே இல்லை. முதலில் ஊர் மேல் வந்தது. பிறகு ஊரில் இருப்பவர்கள் மேல். கடைசியில் எங்கே போக வேண்டுமோ அங்கே போய்ச் சேர்ந்தது.

புதன்கிழமை காலை, விமான நிலையத்திலிருந்து வந்த ஆட்டோக்காரர் ஜி.எஸ்.டி. சாலையின் எதிர்ப்பக்கத்தில் என்னை இறக்கிவிட்டார். தம்பி வீடு இரும்புலியூரில் சாலைக்கு மறுபக்கம் இருக்கிறது. திருப்பிக்கொண்டு போய் விடச் சொன்னேன். "யூ டர்ன் போடணும்னா பெருங்களத்தூர் தாண்டிப் போய் வர்ணும்மா. பேஜாரு. அப்படியே க்ராஸ் பண்ணிக்கோ" என்று பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். எட்டு வரிசை வண்டிகள். நான் வேலை செய்யும் ஊரில் கோடு போட்ட இடத்தில் ஒரு காலை வைத்தால் லாரிகூட நின்றுவிடும். இங்கே கையைத் தூக்கினேன், ஒரு தண்ணி லாரி ஹாரனைத் தூக்கியது. பெட்டியோடு இருபது நிமிடம் நின்றேன். பதினான்கு வருடத்தில் சாலை கடக்கவே மறந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. அதனால் அரசாங்கத்தைத் திட்டினேன்.

தம்பி மனைவி சித்ரா இட்லியும் வடகறியும் வைத்திருந்தாள். மூன்றாவது இட்லியில்தான் தம்பி ஆரம்பித்தான். "நிஜமாவே அந்தப் புள்ளிங்கோ சட்டையை வெச்சா ப்ரொஃபஸர் ஆகப்போற? நாங்க அவனுங்களைப் பார்த்தா வண்டியை ஓரம் கட்டறோம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. முகம் சுளித்துப் பார்க்கப்படுகிறவர்கள் ஏன் அப்படி உடுத்துகிறார்கள் என்பதுதான் என் பாடம். கலர் அடித்த தலைமுடி, காலை ஒட்டிப் பிடித்த பேன்ட், பளபளக்கும் சட்டை. டி.வி.க்காரர்கள் சிரித்தார்கள், போலீஸ் நடுரோட்டில் நிறுத்தி முடியை வெட்டியது. நான் மட்டும்தான் அதற்கு ஓர் அழகும் ஒழுங்கும் உண்டு என்று எழுதினேன். இதை எல்லாம் தம்பிக்குச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. அவன் கைகழுவப் போய்விட்டான். சித்ரா இன்னொரு கரண்டி வடகறி ஊற்றி, "சாப்பிடுங்க அண்ணி, ஆறிடும்" என்றாள்.

நான்கு வருடம் முன்பு பத்து நாள் கீழ்க்கட்டளையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பன்னிரண்டு பையன்களோடு பேசினேன். எல்லோரிடமும் ஒரே துணியில் ஒரே மாதிரி சட்டை இருந்தது. காலருக்கு உள்ளே ஒவ்வொன்றிலும் நூலால் தைத்த ஓர் எண். ஒன்று முதல் பன்னிரண்டு வரை. என்ன எண் என்று கேட்டேன். "அது ரேங்க்குக்கா. தீனாதான் ஒண்ணு. அவன் கண்ணைக் காட்டினாத்தான் நாங்க டீயே குடிப்போம்" என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். தீனா என்கிற தினகரன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அவனுடைய சட்டையை ஒரு மாதத்தில் தருவதாகச் சொல்லி வாங்கிப்போனேன்.

அந்த எண்களை வைத்து நான் எழுதிய கட்டுரைதான் என்னைத் துறையில் ஆளாக்கியது. காலருக்குள் மறைத்துவைத்த அதிகார வரிசை என்று எழுதினேன். எங்கள் பல்கலைக்கழக அருங்காட்சியகம் சட்டையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தது. இணையப் பக்கத்தில் தீனாவின் படம், முழுப்பெயர், ஊர், "தெருக் கும்பலின் தலைவர்" என்று ஒரு வரி. பெயர் போடாமல் படம் போடுவது மரியாதைக் குறைவு என்பது எங்கள் துறையின் கொள்கை.

வியாழக்கிழமை அவனைத் தேடிக் கிளம்பினேன். பழைய போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. கையில் இருந்த ஒரே துப்பு, சட்டைக் காலரில் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த தையல்கடை லேபிள். இத்தனை வருடம் பெரிது பண்ணிப் பண்ணிப் பார்த்த படத்தில் அந்த லேபிளும் இருந்தது. நான் எண்ணை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

மின்சார ரயில் சானடோரியத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம். அறிவிப்பு எதுவும் இல்லை. நான் வேலை செய்யும் ஊர் ரயில் நான்கு நிமிடம் தாமதமானால் நான்கு தடவை மன்னிப்புக் கேட்கும். எதிர் இருக்கையில் ஒரு அம்மா கூடையில் இருந்த மீனுக்கு மேல் ஈரச் சாக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "ரயிலுக்கு இன்னா, அது நிக்கும். என் மீனு நிக்குமா?" என்று பெட்டி முழுவதையும் பார்த்துக் கேட்டார். பல்லாவரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் எட்டாவது ஆளாக ஒட்டிக்கொண்டு கீழ்க்கட்டளை போய்ச் சேர்ந்தபோது என் குர்தா, துப்பட்டா, பையில் இருந்த படிவம் எல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது.

தையல்கடைக்காரர் பாஸ்கருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கடையில் நிற்க இடமில்லை. ஜீன்ஸ் கால்களைப் பிடித்துத் தைக்கக் குவியல் குவியலாகக் கிடந்தது. போனில் படத்தைக் காட்டினேன். சட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நம்ம கை வேலைதான் மேடம். பன்னெண்டு சட்டை. இவனுங்கள்ல ஒருத்தன் சீனு, அவன் தங்கச்சி கல்யாணத்துக்குத் தெச்சது. பந்தி பரிமாறினது இவனுங்கதான்."

"பந்தியா?"

"ஆமா. ஆயிரம் பேர் கூட்டத்துல சாம்பாரு வேணும்னா யாரைக் கூப்புடுவீங்க? அதான் ஒரே கலர்."

எண்ணைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியதும் உண்மை.

பாஸ்கர் ஒரு தடித்த நோட்டை எடுத்துத் திறந்தார். வரிசை எண், பெயர், கழுத்து, தோள், கை நீளம். "அளவு நோட்டு நம்பர் மேடம். எல்லாம் ஒரே ரோல்ல வெட்டுன துணி. நம்பர் போடலன்னா எது யாருதுன்னு எப்டித் தெரியும்? அயர்ன்காரரு கலந்து வுட்டார்னா அன்னிக்கு ஃபுல்லா பஞ்சாயத்து."

"ரேங்க் இல்லையா?"

"இன்னா ரேங்க்கு?"

அவர் கேட்ட விதத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. படிப்பு முடித்து முதல் வேலை எனக்குக் குரோம்பேட்டையில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில். வேலை என்ன தெரியுமா? வெட்டிய துணிக் கட்டுகளுக்கு நம்பர் ஒட்டுவது. எட்டு மாதம் ஒட்டினேன். ஒரு கழுத்து இன்னொரு உடம்போடு போய்விடாமல் இருக்க நம்பர். அந்த நான் கடல் தாண்டியதும் நம்பரில் அதிகாரத்தைக் கண்டுபிடித்தேன். உடையைப் பற்றி நாற்பது பக்கம் எழுதினேன், தைத்தவரை ஒரு தடவை போய்ப் பார்க்கவில்லை. பையன்கள் என்னைக் கலாய்த்திருக்கிறார்கள். தாம்பரத்தில் வளர்ந்த எவளுக்கும் அது புரிந்திருக்கும். அன்றைய ஒலிப்பதிவில் அவர்களுடைய சிரிப்பு தெளிவாகக் கேட்கிறது. அதற்கு நான் எழுதிய குறிப்பு: சிரிப்பு, பதற்றத்தின் அடையாளம்.

"சட்டை எங்க கீது இப்போ?" என்றார் பாஸ்கர்.

கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது என்றேன். இடது கைப்பக்கம் ஒரு பழுப்புக் கறை இருந்தது, துவைத்தால் தடயம் போய்விடும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள், காரணம் தெரியவில்லை என்று குறித்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "வத்தக்குழம்பு" என்றார். பிறகு சிரிக்காமல், "தீனாவ நாளைக்கு சந்தைல பாருங்க. ஆனா அவன் உங்க மேல காண்டுல கீறான்" என்றார்.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை. பழைய மிக்சி, மீன் தொட்டி, ரோஜாச் செடி, வாத்துக் குஞ்சு, ஏற்றுமதியில் தள்ளிவிட்ட துணி மூட்டைகள். வெயில் மண்டையைப் பிளந்தது. இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊரில் ஞாயிறுதோறும் இப்படி ஒரு சந்தை கூடும். அங்கே பழைய கோட் ஒன்றைத் தொட்டுப் பார்க்கவே ஒரு பணிவு வேண்டும். இங்கே ஜீன்ஸை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக் கிழிகிறதா என்று பார்க்கிறார்கள். நன்னாரி சர்பத் ஒன்று வாங்கிக் குடித்தேன். குடித்து முடிக்கும்போது ஜீன்ஸ் குவியலுக்குப் பின்னால் தீனாவைப் பார்த்தேன். தலையில் கலர் இல்லை. கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

"வாக்கா" என்றான். எழுந்திருக்கவில்லை. "சட்டை எடுத்தாந்தியா?"

இல்லை என்றேன்.

"ஒரு மாசம்னு சொல்லிகினு போன. நாலு வருசம் ஆச்சு." ஒரு பெண்மணிக்கு இடுப்பளவு முப்பத்தெட்டில் ஒரு ஜீன்ஸைத் தேடிக் கொடுத்தான். பிறகுதான் மறுபடி என் பக்கம் திரும்பினான். "ஏர்போர்ட்டாண்ட சரக்கு குடோன்ல வேல. இண்டர்வியூ பாஸு. டெஸ்ட்டு பாஸு. போலீஸ் சர்ட்டிபிகேட்டும் க்ளீனு. ஒரு கேசு கிடையாது எம்மேல. அப்பறம் போன்ல கூப்ட்டு, உன் பேரை நெட்ல போட்டா தெருக் கும்பல் தலைவன்னு வருதே, இன்னாப்பா இதுன்னு கேக்குறாங்க. எங்கம்மா எதுத்தாப்புல உக்காந்துகினு இருக்கு. இன்னா சொல்றது நானு?"

நான் குவியலிலிருந்து ஒரு ஜீன்ஸை எடுத்து மடித்து வைத்தேன்.

"அன்னிக்கு அவனுங்க சும்மா கலாய்ச்சானுங்க. உனக்குத் தெரியும்னுதான் நானும் சிரிச்சேன். நம்ம ஊரு அக்காதானன்னு. ஒண்ணாம் நம்பர் ஏன் எனக்கு வந்துச்சு தெரியுமா? அன்னிக்கு எனக்கு ஷிஃப்ட்டு. பன்னெண்டு பேர்ல எனக்கு மட்டும்தான் வேல இருந்துச்சு. டைமாச்சுன்னு முதல்ல அளவு குடுத்துட்டு ஓடினேன். அதான் ஒண்ணு."

பையில் இருந்த படிவத்தை நான் வெளியே எடுக்கவே இல்லை. வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை என்று அவன் சொன்னான். அந்த இணையப் பக்கத்தை எடுத்துவிட்டால் ஒருவேளை கிடைக்கும். அங்கேயே, வாத்துக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, எங்கள் துறைத் தலைவிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன், பக்கத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

"மிகவும் சுவாரசியமாக இருக்கிறது" என்றார் அவர். "எண்களுக்கு இரண்டாவது விளக்கமும் உண்டு என்பதை அடுத்த கட்டுரையாக எழுதலாமே."

"இரண்டாவது இல்லை. ஒரே விளக்கம்தான் உண்டு. நான் எழுதியது பொய்."

"உன் பதவி நேர்காணல் முடியட்டும். அதுவரை வார்த்தையை மட்டும் கொஞ்சம் மாற்றச் சொல்கிறேன்."

சந்தை இரைச்சலில் நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. வாத்துகள் மட்டும் பதிலுக்குக் கத்தின.

சனிக்கிழமை தீனாவும் நானும் அந்த நிறுவனத்துக்குப் போனோம். ஆள் எடுக்கும் அதிகாரி கழுத்தில் அட்டை தொங்க எங்களை உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார். நான் என் பதவி, படிப்பு எல்லாம் சொல்லி, அந்த இணையப் பக்கத்தில் இருப்பது என் தவறு என்று எழுதிக் கொண்டுபோன கடிதத்தை நீட்டினேன். அவர் பொறுமையாகப் படித்தார். பிறகு கணினியில் பக்கத்தைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார். வார்த்தையை மாற்றியிருந்தார்கள். "தெருக் கும்பலின் தலைவர் என்று முன்பு கருதப்பட்டவர்."

"அக்கா, இன்னும் தலைவர்னுதான கீது" என்றான் தீனா.

"மேடம், தப்பா நினைக்காதீங்க" என்றார் அதிகாரி. "இந்தப் பேஜ்ல கீழ உங்க பேர்தான் இருக்கு. இந்த லெட்டர்லயும் உங்க பேர்தான் இருக்கு. நான் எந்த மேடத்தை நம்பறது? அந்தப் பேஜ் போயிடுச்சுன்னா திங்கட்கிழமை வாங்க, பார்க்கலாம்."

கோபப்பட எனக்கு அங்கே இடமே இல்லை. அந்த ஆள் கேட்டது நியாயமான கேள்வி. வெளியே வந்து பரோட்டா சாப்பிட்டோம். தீனா சால்னாவை எனக்கு ஊற்றிவிட்டுத் தனக்கு ஊற்றிக்கொண்டான். அவனிடம் திட்டு வாங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சித்ரா மட்டன் குழம்பு வைத்தாள். தம்பி எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தான். முதல் நாள் அவன் கேட்டதும் நான் அவனுக்கு எடுத்த வகுப்பும் என் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தன. இவன் அந்தப் பையன்களைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினான், அவ்வளவுதான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, டீ வாங்கிக் குடித்து, சட்டையைக் கழற்றி வாங்கி, தீனாவைக் கும்பல் தலைவன் ஆக்கிவிட்டு வந்தேன். பரிவோடு செய்தேன் என்பதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

அருங்காட்சியகத்தோடு நான் போட்ட பழைய ஒப்பந்தத்தைக் கணினியில் திறந்தேன். சட்டையைக் கடன் கொடுக்கும் படிவம். உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அப்போது கீழ்க்கட்டளைக்கு ஆளனுப்பிக் கையெழுத்து வாங்க நேரமில்லை என்று நானே போட்டுக்கொண்டது. அடுத்தவன் சட்டையை என்னுடையது என்று எழுதியிருக்கிறேன். இதற்கு ஊரில் வேறு பெயர் உண்டு. ஆனால் அதே படிவத்தில், உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் பொருளையும் படங்களையும் திரும்பக் கேட்கலாம் என்று ஒரு வரியும் இருந்தது.

சாப்பாட்டு மேஜையிலேயே இரண்டு மின்னஞ்சல் எழுதினேன். ஒன்று அருங்காட்சியகத்துக்கு: என் பொருளைத் திருப்பித் தாருங்கள், பக்கத்தை முழுவதுமாக நீக்குங்கள். இன்னொன்று கட்டுரை வெளியான இதழுக்கு: கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டின் நகலும் துறைத் தலைவிக்கு.

"உங்க ப்ரொமோஷன் என்ன ஆகும் அண்ணி?" என்றாள் சித்ரா.

"போயிடும்."

அவள் நல்லி எலும்பாகப் பார்த்து என் தட்டில் வைத்தாள்.

திங்கட்கிழமை மதியம் அங்கே அலுவலகம் திறந்ததும் துறைத் தலைவியிடமிருந்து நான்கு அழைப்புகள். நான் எடுக்கவில்லை. மூன்று மணிக்கு அந்த இணையப் பக்கம் காணாமல் போனது. மூன்றரைக்கு நானும் தீனாவும் அதே அதிகாரி முன்னால் நின்றோம். தீனா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். அதிகாரி பக்கத்தைத் தேடிப் பார்த்தார். இல்லை. தலையை ஆட்டினார்.

"நல்லது மேடம். ஆனா அந்த இடத்துக்குக் காலையிலயே ஒருத்தரைப் போட்டாச்சு. மேலேருந்து ப்ரெஷர். தம்பி நம்பர் இருக்கு. அடுத்த பேட்ச்ல கண்டிப்பா கூப்பிடறோம்."

"திங்கட்கிழமை வாங்கன்னு சொன்னீங்களே!" கட்டடம் அதிரக் கத்தினேன். காவலாளி எட்டிப் பார்த்தார். தீனாதான் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தான். "வுடுக்கா. அவரு இன்னா பண்ணுவாரு" என்றான். எனக்கே அவன் சமாதானம் சொன்னது இன்னும் எரிச்சலாக இருந்தது.

எதிரில் ஒரு டீக்கடை. இரண்டு டீ சொன்னான். "அந்த ஃபார்மை எடு" என்றான்.

"அது இனிமே வேணாம் தீனா. புத்தகமே இப்போ இல்ல."

"குடுக்கா. என்னைப் பத்தி இன்னாத்த எழுதிகினு இருந்தீங்கன்னு பாக்கணும்ல."

நான்கு பக்கத்தையும் புரட்டினான். ஆங்கிலக் கேள்விகளை ஒவ்வொன்றாக என்னைத் தமிழில் சொல்லச் சொன்னான். பெயர், ஊர், வயது எழுதினான். இரண்டாம் பக்கத்தில், நானே யோசித்து யோசித்துச் சேர்த்த ஒரு கேள்வி: குழுவில் உங்கள் பங்கு என்ன? கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, பெரிய எழுத்தில் எழுதினான்: சாம்பார்.

அடுத்த கேள்வி, அந்தப் பங்கு உங்களுக்கு எப்படிக் கிடைத்தது. "வேலைக்கு டைம் ஆச்சு" என்று எழுதினான்.

கடைசிப் பக்கம் வந்தது. கையெழுத்துக் கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டி, இங்கேதானா என்று கேட்டான். ஆமாம் என்றேன். பேனாவை மூடி, படிவத்தோடு சேர்த்து என் கையில் கொடுத்தான்.

"சட்டை வரட்டும்க்கா" என்றான். "வந்தப்பறம் போட்றேன்."

கீழ்க்கட்டளை ஷேர் ஆட்டோ ஒன்று வந்தது. அவன் ஏறிக்கொண்டான்.